உந்தக் கொம்பியூட்டர்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு ஆளோடு பத்து நிமிஷம் பேசினால் போதும், பதினோராவது நிமிஷம் நான் அந்த ஆளாகவே மாறிவிடுவேன். பஸ் கண்டக்டர், பல் டாக்டர், கோயில் ஐயர், போர்டிங் வீட்டுக்கார நோனா அம்மா, ஒருத்தரையும் விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் இதற்காகக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன், முட்டிபோட்டும் நின்றிருக்கிறேன். (இரண்டும் ஒரே நாளில், ஒரே ஹெட்மாஸ்டருக்காக.) வயசு ஏற ஏற சரியாகிவிடும் என்று அம்மா சொன்னார். வயசு இருபத்தாறு ஆனது, ஒரு வேலையும் கிடைத்தது. பழக்கம் மட்டும் அப்படியே இருந்து, கடைசியில் அந்த வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

கண்டி டவுனில், மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டி ஒரு மாடிக் கட்டடம். மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு சின்னக் கம்பனி. எட்டுப் பேர், ஒரே ஹோல். சாமானோடு போகிற கடிதங்களையும் பட்டியல்களையும் தயார் பண்ணுவது என் வேலை. ஆறு மாதம் தற்காலிகம். அதன் பிறகு கொழும்பிலிருந்து டிரெக்டர் வந்து கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். ஹேவாஹெட்டயில் இருக்கிற அம்மா, முதல் மாதச் சம்பளத்தைக் கண்டதுமே நான் நிரந்தரமாகிவிட்டேன் என்று தேயிலைத் தோட்டம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தாயிற்று. அதனால் கையெழுத்து விழாவிட்டால் நான் ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது.

எங்கள் மனேஜர் சிவபாலன் சேர், யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து இருபது வருஷமாகியும் அவருடைய தமிழில் கண்டித் தண்ணீர் ஒரு சொட்டும் படவில்லை. கம்பியூட்டர் படுத்தாலும் அவர்தான் எழுப்புவார், பிரிண்டர் அடைத்தாலும் அவர்தான் கைவிட்டு எடுப்பார். நல்ல மனுஷன். அவர் பேசுவதும் தமிழ், நான் பேசுவதும் தமிழ், ஆனால் அவர் வாயிலிருந்து என் காதுக்கு வருவதற்குள் அதற்கு என்னவோ ஆகிவிடும்.

முதல் வாரம் ஒரு பட்டியலைக் கொடுத்து, வடிவாகப் பார்த்துத் தரச் சொன்னார். வடிவு என்றால் எங்களுக்கு அழகு. நான் ஓரம் முழுக்கப் பூக்கொடி போட்டு, தலைப்பை ஊதாக் கலராக்கி, பயபக்தியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். சேர் அந்தச் சாதிக்காய்ப் பட்டியலை ரொம்ப நேரம் பார்த்தார். அவர்கள் ஊரில் வடிவாக என்றால் கவனமாக என்று பக்கத்து மேசை பஸ்லியாதான் பிறகு சொன்னாள். இன்னொரு நாள், டிரெக்டர் உங்களோடு பேசணுமாம் என்று சேரிடம் சொன்னேன். மனுஷனுக்கு முகமே வெளிறிப் போய்விட்டது. தான் என்ன பிழை விட்டேன் என்று என்னிடமே கேட்டார். பேசுவது என்றால் அவர்களுக்குத் திட்டுவது, நாம் பேசுவதற்குப் பெயர் கதைப்பது. இருபது வருஷம் கண்டியில் இருந்தும் அந்தச் சொல் அவருக்கு இன்னும் திட்டாகத்தான் கேட்கிறது.

இப்படிப்பட்ட ஒருவரை நான் சும்மா விடுவேனா? ஊரிலிருக்கிற என் தங்கச்சி சுமதிக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சேர் குரலில் ஒரு ரெக்கோடிங் அனுப்புவேன். அவள் கேட்டுவிட்டு, இன்னும் வேண்டும் என்பாள். இன்னும் கொடுக்க சேரிடம் விஷயம் தீர்ந்துபோனதால், அவர் சொல்லாததையும் நான் சொல்ல வைத்தேன். (அங்கதான் சனி பிடிச்சது.) போனில் இடம் நிறைந்ததும் எல்லாவற்றையும் லெப்டொப்பில் ஏற்றிவைத்தேன். போன் வைத்த பெயர்கள்தான், ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் நம்பர்.

ஆறாவது மாதக் கடைசி. நல்ல மழை. பிலிமத்தலாவையில், என் போர்டிங் வாசலில், பஸ் படியிலிருந்து இறங்கும்போது கால் பிசகிவிட்டது. டாக்டர் ஒரு வாரம் நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதே வாரம் வியாழக்கிழமைதான் டிரெக்டர் வருகிற நாள். வெளிநாட்டுக்காரர்களோடு நடந்த ஒரு கூட்டத்தின் ரெக்கோடிங்கைக் கேட்டு, பேசியதை எல்லாம் சுருக்கி எழுதி, அன்றைக்கு அவர் கையில் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் என் கடிதத்தைத் தொடுவார் என்று சேர் சொல்லியிருந்தார். ரெக்கோடிங் என் ஒபிஸ் கம்பியூட்டரில், நான் போர்டிங் கட்டிலில்.

சேர் கவலைப்படவில்லை. ரிமோட் டெஸ்க்டொப் என்று ஒன்று இருக்கிறது, வீட்டிலிருந்தே ஒபிஸ் கம்பியூட்டருக்குள் போகலாம், செட்டிங்கை மட்டும் சரியாகப் போட்டால் போதும், தான் போனில் சொல்லித் தருவதாகச் சொன்னார். ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். என் ஒபிஸ் கம்பியூட்டர் இருந்தது கூட்ட மேசைக்குப் பக்கத்தில். வெளிநாட்டுக்காரர்களோடு வீடியோவில் பேசுவதற்காக அதில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பூட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு அரிசி மூட்டை உயரம்.

வியாழக்கிழமை காலையில் சேர் எனக்குப் போன் எடுத்தார். மழையில் லைன் இரைந்தது. முதலில் டிஸ்ப்ளே. "உந்த ஸ்கிரீன் முழுக்க வரோணும், பிள்ளை" என்றார்.

இந்த 'உந்த' என்ற சொல்லை ஆறு மாதமாக அவர் வாயில் கேட்டிருக்கிறேன். நாங்கள் 'இந்த' என்பதை யாழ்ப்பாணத்தில் 'உந்த' என்கிறார்கள் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். கம்பியூட்டரைக் கொம்பியூட்டர் என்கிறவர் 'இந்த'வை 'உந்த' என்றால் என்ன அதிசயம்? யாரையும் கேட்கவுமில்லை. பூக்கொடிக்குப் பிறகு கேள்வி கேட்கவே வெட்கமாக இருந்தது. டிஸ்ப்ளேயை முழு ஸ்கிரீனாக்கினேன். அதில் தப்பித்தேன், ஏனென்றால் எந்த ஸ்கிரீன் என்று எடுத்துக்கொண்டாலும் விடை ஒன்றுதான்.

அடுத்தது ஓடியோ. "சத்தம் உந்தக் கொம்பியூட்டரிலை கேக்கோணும். விளங்குதோ?"

விளங்கியது என்றேன். என் முன்னால் மூன்று வழி இருந்தது. இந்தக் கம்பியூட்டரில் ஒலிக்கட்டும், தொலைவில் உள்ள கம்பியூட்டரில் ஒலிக்கட்டும், எங்கேயும் ஒலிக்க வேண்டாம். வேறு யாராவது என்றால் முதலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கியிருப்பார்கள். நான் யோசித்தேன். சேர் ஒபிஸில் நிற்கிறார். அவர் 'இந்தக் கம்பியூட்டர்' என்று சொன்னால் அது அவர் பக்கத்தில் இருக்கிற ஒபிஸ் கம்பியூட்டர். அது எனக்குத் தொலைவில் இருக்கிறது. ஆக, இரண்டாவது. அதை அமுக்கிவிட்டு, என் புத்திசாலித்தனத்தை நினைத்து நானே தலையாட்டிக்கொண்டேன்.

மூன்றாவது ஃபைல் பகிர்வது. "உந்த டிரைவ் ஒண்டையும் டிக் பண்ணாதையும்" என்றார். அதே கணக்குத்தான். அவர் பக்கத்து டிரைவைத்தான் டிக் பண்ணக் கூடாது. ஆனால் என் ஸ்கிரீனில் தெரிந்ததெல்லாம் என்னுடைய லெப்டொப்பின் டிரைவ்கள். அவற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று இரண்டையும் டிக் பண்ணினேன். ஏதாவது சத்தத்தைப் போட்டுக் கேட்கிறதா என்று பாரும், நான் கீழே போய் டிரெக்டரைக் கூட்டிக்கொண்டு வாறன் என்று சொல்லி சேர் போனை வைத்தார். வேலைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று நான் போனை சைலன்ட்டில் போட்டு, சார்ஜுக்குக் குத்தி மூலையில் வைத்தேன். (அன்றைக்குப் பார்த்து அவ்வளவு பொறுப்பு.)

உள்ளே போய்விட்டேன். ஆனால் உள்ளே போனது எனக்கே தெரியவில்லை. இரண்டு கம்பியூட்டரிலும் வாங்கும்போது வந்த அதே நீலப் படம். ஸ்கிரீனுக்கு மேலே, நீ இப்போது எந்தக் கம்பியூட்டரில் இருக்கிறாய் என்று சொல்கிற சின்னப் பட்டை ஒன்று இருக்கும். அது கண்ணைக் குத்துகிறது என்று அதையும் மறைத்துவிட்டேன். ஃபைல் பட்டியலைத் திறந்தால் என் டிரைவ், என் போல்டர், என் நம்பர் ரெக்கோடிங்குகள். நான் என் சொந்த லெப்டொப்பில்தான் இருக்கிறேன் என்று நம்பி, சத்தம் பார்க்க ஒன்றைத் தட்டினேன்.

சத்தமே இல்லை. வொலியூமைப் பாதிக்கு ஏற்றினேன். இல்லை. முழுக்க ஏற்றினேன். அப்போதும் இல்லை. அடுத்ததைத் தட்டினேன், அதுவும் ஊமை. சரி, ஏதாவது ஒன்றிலாவது வந்துதானே ஆகவேண்டும் என்று இருக்கிற பதினேழையும் ஒன்றாகப் பிடித்து, வரிசையாக ஓட விட்டுவிட்டு, ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து ஒரு பிளேன்டீ ஊற்றப் போனேன். இஞ்சிகூடத் தட்டிப் போட்டேன்.

திரும்பி வந்து போனைப் பார்த்தால் ஒன்பது மிஸ்ட் கோல். ஏழு பஸ்லியா, இரண்டு சேர். பஸ்லியாவுக்குப் போன் பண்ணினேன். அவள் குசுகுசுவென்று பேசினாள்.

"கலா, ஒன்ட கம்பியூட்டர்ல சேர் பேசுறாரு. சேர் இங்க வாய மூடிக்கிட்டு இரிக்கிறாரு."

ஓடிக்கொண்டிருந்ததை அவசரமாக நிறுத்தினேன். பிறகு நடந்ததை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். டிரெக்டர் வந்து கூட்ட மேசையில் உட்கார்ந்து, டீயும் பிஸ்கட்டும் வைத்த நேரம் அது. முதலில் அந்த இரண்டு மூட்டையும் என் குரலில் "குட் மோர்னிங்" என்றதாம். வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பேச நான் பழகிய ரெக்கோடிங். பதினொரு தடவை, பதினொரு விதமாக. டிரெக்டர் முதல் இரண்டு தடவை மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு சேர் தொடங்கிவிட்டார். அதாவது நான்.

"பிள்ளை, இந்தப் பிரிண்டர் என்ன நித்திரையோ? வடிவாத் தட்டி எழுப்பும்" என்று ஸ்பீக்கர் கேட்க, எல்லாரும் நிஜ சேரைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். நிறுத்தலாம் என்று பஸ்லியா ஓடிப் போனால், ஸ்கிரீன் பூட்டிக் கிடந்து பாஸ்வேர்ட் கேட்கிறது. நான் உள்ளே இருக்கும்வரை வெளியே அப்படித்தான் பூட்டியிருக்குமாம். ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கலாம் என்றால் அது அலுமாரிக்குப் பின்னால். மூன்று பேர் சேர்ந்து அலுமாரியைத் தள்ளிக்கொண்டிருக்க, நான் மேலே மேலே பேசிக்கொண்டிருந்தேன். சேர் சொல்லாமல் நானாகக் கட்டியது அப்போதுதான் வந்திருக்கிறது. டிரெக்டர் எதற்குக் கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் வாறார், பிஸ்கட் சாப்பிடத்தான் வாறார், இந்தப் பிஸ்கட்டை நாங்கள் பார்சலில் அனுப்பினால் பெற்றோல் மிச்சமல்லோ என்று.

டிரெக்டர் சிங்களவர். தமிழ் தெரியாது. ஆனால் டிரெக்டர், கொழும்பு, பிஸ்கட் என்ற மூன்று சொல்லும் தமிழே தெரியாதவருக்கும் விளங்கும். அந்த நேரம் அவர் கையில் பாதி பிஸ்கட் இருந்ததாம். பஸ்லியா அதோடு போனை வைத்துவிட்டாள், அவளை யாரோ கூப்பிட்டார்கள்.

இரண்டு மணி நேரம் எந்தத் தகவலும் இல்லை. சேருக்குப் போன் பண்ணத் தைரியம் வரவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். கம்பனி மூடிவிட்டது என்று சொல்லலாமா? சாதிக்காய் விளைச்சல் நின்றுபோனது என்றால் நம்புவாரா? இதையெல்லாம் விட சேர் முகம்தான் கண் முன்னால் வந்து நின்றது. என் கால் பிசகியதற்கு நாட்டு வைத்தியர் எண்ணெய் வாங்கி பஸ்லியாவிடம் கொடுத்தனுப்பிய மனுஷனை, அதுவும் டிரெக்டர் முன்னால், நான் கோமாளியாக்கிவிட்டேன். வெட்கத்தில் அழுதேன். பிளேன்டீயில் பூச்சி விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு சேர் போன் எடுத்தார். கால் எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

"நான் உம்மோடை பேசோணும்" என்றார்.

கதைக்கோணும் என்று சொல்லவில்லை. பேசோணும். ஆறு மாதத்தில் அந்த வித்தியாசம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அவர் பேசத் தொடங்கும் முன்பே நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கி, நடுவில் மூக்கு அடைத்து, என்ன சொல்கிறேன் என்று எனக்கே விளங்காமல் போய்விட்டது.

"அழாதையும். குரல் சரி. அந்தச் செருமல்கூட என்ரை செருமல்தான். ஆனா ஒரு பெரிய பிழை விட்டிருக்கிறீர். நான் எப்ப இந்தப் பிரிண்டர் எண்டு சொன்னனான்? அது நிக்கிறது உம்மடை மேசையடியிலை. உந்தப் பிரிண்டர் எண்டுதான் நான் சொல்லுவன்."

"ரெண்டும் ஒண்ணுதானே சேர்?"

சேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது போனில் கேட்டது.

பிறகு அவர் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். சொல்கிறவருக்குப் பக்கத்தில் இருந்தால் இந்த. இரண்டு பேருக்கும் தூரத்தில் இருந்தால் அந்த. கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருந்தால் உந்த. நாங்களெல்லாம் இரண்டை வைத்துச் சமாளிக்கிற இடத்தில் அவர்களிடம் மூன்று இருக்கிறது. காலையில் உந்தக் கொம்பியூட்டர் என்று தான் சொன்னதை எப்படி எடுத்தீர் என்று கேட்டார்.

"உங்க பக்கத்துல இருக்கிறதுன்னு நெனச்சேன் சேர்."

"அப்ப உந்த டிரைவ்?"

"அதுவும்தான்."

சேர் சிரித்தார். ஆறு மாதத்தில் நான் அவர் சிரித்துக் கேட்டதே இல்லை. என் ரெக்கோடிங்குகளில் அவர் இருமுவார், செருமுவார், பிரிண்டருக்கு ஏசுவார், ஒரு இடத்தில்கூடச் சிரித்ததில்லை. கீச்சுக் குரலில், மூச்சு வாங்கி வாங்கி, நிறுத்த முடியாமல் சிரித்தார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது.

டிரெக்டர் என்ன சொன்னார் என்று பயந்துகொண்டே கேட்டேன். இது என்ன என்று அவர் விசாரித்திருக்கிறார். யாழ்ப்பாணத்து வியாபாரிகளோடு கதைக்க இந்தப் பிள்ளை எங்கள் தமிழைக் காதால் கேட்டுப் பழகுகிறாள், இது அவளுடைய பயிற்சி என்று சேர் சொல்லியிருக்கிறார். பிஸ்கட்? கொழும்பிலிருந்து டிரெக்டர் வந்தால் முதலில் பிஸ்கட் கொடுத்து உபசரிக்க வேண்டும் என்று சொல்கிறது, அவ்வளவுதான் என்றாராம். டிரெக்டர் சந்தோஷப்பட்டு இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

"நான் கண்டிக்கு வந்த புதுசிலை என்ரை தமிழைக் கேட்டுச் சிரிக்காத ஆக்கள் இல்லை. ஒருத்தரும் உம்மை மாதிரிப் படிச்சுச் சிரிக்கேல்லை" என்றார் சேர். தாங்க்ஸ் சேர் என்று சொல்லிவைத்தேன்.

ஆனால் கையெழுத்து இன்னும் விழவில்லை. டிரெக்டர் சாப்பிடப் போயிருந்தார், மூன்றரைக்குக் கொழும்புக்குத் திரும்புகிறார். சேர் ஒவ்வொரு செட்டிங்காக மறுபடி சொல்லித் தந்தார். இந்த முறை உந்த வரும்போதெல்லாம் நான் என் லெப்டொப்பைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வெளிநாட்டுக்காரர் குரல் முதன்முதலாக என் கட்டிலில் கேட்டபோது வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. (அவர் மிளகில் ஈரப்பதம் பற்றித்தான் பேசினார்.) காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துக்கொண்டு, மூன்று மணிக்குள் எழுதி அனுப்பினேன். மூன்றே காலுக்கு பஸ்லியா ஒரு போட்டோ அனுப்பினாள். என் பெயர் போட்ட கடிதம், கீழே ஒரு நீல மைக் கையெழுத்து, ஓரத்தில் கொஞ்சம் பிஸ்கட் தூள். நான் அன்றைக்கு முதல் தடவையாக மூச்சை முழுசாக விட்டேன். அம்மாவுக்குப் போன் பண்ணி நிரந்தரமாகிவிட்டது என்றேன். அதுதான் அப்பவே ஆயிருச்சே, இப்ப என்னத்துக்குக் காசச் செலவழிச்சு அதச் சொல்ற என்று கேட்டார்.

சேர் தண்டனை ஒன்றும் கொடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். பிரிண்டர் ரெக்கோடிங்கை உந்த போட்டுத் திருத்தி, தன் மனைவிக்கு (அவர் பாஷையில் மனுசி) அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அதற்குப் பிறகு நாலு வருஷம் ஓடிவிட்டது, நானும் அதை மறந்துவிட்டேன்.

போன மாதம் ஒபிஸ் நேரத்தில், பேங்குக்குப் போகிறேன் என்று சேரிடம் சொல்லிவிட்டு, கண்டி மார்க்கட்டில் நின்று கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து, "பிள்ளை, உந்தப் பிரிண்டர் என்ன நித்திரையோ?" என்று சேர் குரல் கேட்டது. கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு, "இல்ல சேர், இப்பதான் பேங்குல இருந்து..." என்று திரும்பினேன். பின்னால் நின்றது சேர் இல்லை, சேருடைய மனுசி. கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கூப்பிட்டால் மட்டும் அடிக்கிற மாதிரி அந்த ரெக்கோடிங்கை ரிங்டோனாகப் போட்டு நாலு வருஷமாகிறதாம்.

அந்த அம்மா என்னைப் பார்த்து நிறையச் சிரித்தார். பிறகு போனைக் காதில் வைத்து, "ஓம், சொல்லுங்கோ. உங்கடை பிள்ளை இஞ்சை கருவாட்டுக் கடையிலை நிக்கிறா" என்றார்.

சொந்தக் குரலுக்குப் பயந்து, அதற்குப் பொய்யும் சொல்லி, அதனிடமே பிடிபட்ட ஒரே ஆள் இவள்தான் என்று சுமதி இப்போது ஹேவாஹெட்ட முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.